தெகிமாஸ்: வரும், தெரியும், முடியும்



பி.காம். படிக்கிற உனக்கு எதற்கு ஜப்பானிய மொழி என்று கேட்காத ஆள் எங்கள் வகுப்பில் பாக்கி இல்லை. பதில் ரொம்பச் சுலபம். எங்கள் ஊர் திருமுக்கூடல். வாலாஜாபாத் வந்து வண்டலூர் சாலையைப் பிடித்தால் ஒரகடம். கொமாட்சு அங்கே இருக்கிறது, கொஞ்சம் தள்ளி வல்லம் வடகாலில் யமஹா. 2010இல் திறந்த ரெனோ-நிஸான் கார் ஆலையில் நிஸானின் பங்கை 2025இல் ரெனோவே வாங்கிக்கொண்டுவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கம் ஜப்பான்காரர்கள் கம்பெனிகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாக் கம்பெனியிலும் கணக்குப் பிரிவு என்று ஒன்று இருக்கும் அல்லவா? டேலி தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். டேலியும் தெரிந்து ஜப்பானிய மொழியும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவ்வளவுதான் என் கணக்கு.

இன்றைக்கு எழுத வந்தது வேலைவாய்ப்பைப் பற்றி அல்ல. மேலே "தெரிந்தவர்கள்" என்று எழுதினேனே, அந்த விஷயத்தைப் பற்றி. எனக்கு இது வரும், இது வராது, அவர் இதில் கெட்டிக்காரர் என்பதையெல்லாம் ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்கிறார்கள்? இந்த ஒரே விஷயத்தை எங்கள் பாடப்புத்தகம் நாலு இடத்தில் பிரித்து வைத்திருக்கிறது. உலகம் முழுக்க ஜப்பானிய மொழி வகுப்புகளில் ஓடுகிற 'மின்னா நோ நிஹொங்கோ'தான் எங்களுக்கும் புத்தகம். அதில் 9ஆம் பாடம், 18ஆம் பாடம், 27ஆம் பாடம், 36ஆம் பாடம். நான் இப்போது 36இல் நிற்கிறேன். நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் சங்கதி புரிகிறது.

(ஒரு சின்ன வேண்டுகோள். ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 'தெகிமாஸ்' என்று நான் எழுதினால் அந்தத் 'தெ'யை 'அதெல்லாம்' என்பதில் வருகிற மாதிரி மெல்லிசாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.)

முதலில் 'தெகிமாஸ்'. வகுப்பில் இதை ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித் தருகிறார்கள். தெகிமாஸ் என்றால் 'கேன்'. நிஹொங்கோ கா தெகிமாஸ் என்றால் 'ஐ கேன் ஸ்பீக் ஜாப்பனீஸ்'. எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். உடனே சந்தேகம் வந்தது. ஆங்கிலத்தில் நான் எழுவாய், மொழி செயப்படுபொருள். அப்படியானால் செயப்படுபொருளுக்குப் போடுகிற 'ஓ' என்ற ஒட்டு வர வேண்டாமா? ஏன் 'கா' வருகிறது? 'கா' எழுவாய்க்குப் போடுவதாயிற்றே? இது விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். இதில் விதிவிலக்கு எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தியதால் வந்த குழப்பம் இது. நேராகத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "எனக்கு ஜப்பானிய மொழி வரும்." இதில் யார் எழுவாய்? நான் இல்லை. வருவது மொழி. நான் ஓரமாக 'எனக்கு' என்று நிற்கிறேன். "அவளுக்கு வீணை வரும்", "எனக்குச் சமையல் வராது", "உனக்குக் கணக்கு எழுத வருமா?" எல்லாம் இந்தக் கதைதான். திறமை என்பது நாம் செய்கிற காரியம் இல்லையாம், அதுவாக நம்மிடம் வந்து சேர்கிற ஒன்றாம்.

இதைவிட வேடிக்கை அந்த வினைச்சொல்லின் பூர்வீகம். தெகிரு என்பது 'இதெகு' என்ற பழைய ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்தது. 'வெளியே வருதல்' என்று பொருள். எழுதுகிற இரண்டு கஞ்சி எழுத்துகளும் அதைத்தான் சொல்கின்றன: வெளியேறு, வா. அதனால்தான் இன்றைக்கும் அந்த ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. பஸ் ஸ்டாப் பக்கத்தில் புதிதாக ஒரு கடை திறந்திருந்தால் ஜப்பானியர் 'மிசே கா தெகிமாஷ்தா' என்பார். நாம் என்ன சொல்வோம்? "புதுசா ஒரு கடை வந்திருக்கு." திடீரென்று ஒரு வேலை குறுக்கிட்டால் அவர் 'யோஜி கா தெகிமாஷ்தா' என்பார். நாம் "ஒரு வேலை வந்துடுச்சு" என்போம். கடை வருகிற மாதிரி, வேலை வருகிற மாதிரி, மொழியும் வருகிறது. 'கேன்' என்று எழுதிவைத்த நோட்டில் இதெல்லாம் இருக்காது.

இந்த இடத்தில் சிலருக்குக் கை துறுதுறுக்கும் என்று தெரியும். "பார்த்தீர்களா, தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு!" சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய மொழியறிஞர் அப்படித்தான் சொன்னார். பேராசிரியர் பொற்கோவும் யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரும் அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர்கள். அவர் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அந்த முடிவை ஏற்கவில்லை, நானும் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு உறவு கொண்டாட மாட்டேன். ஏனென்றால் இந்தியிலும் "முஜே தமிழ் ஆதி ஹை" என்கிறார்கள். எனக்குத் தமிழ் வருகிறது என்று நேர் அர்த்தம். இந்தியை யாரும் ஜப்பானிய மொழிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்வதில்லையே. உறவு இருக்கோ இல்லையோ, படிக்கிற நமக்கு லாபம் இருக்கிறது. அது போதும். (காமர்ஸ் புத்தி!)

லாபம் இன்னொன்றும் சொல்கிறேன். 27ஆம் பாடத்தில் 'மியேமாஸ்' என்றும் 'கிகோயெமாஸ்' என்றும் இரண்டு சொற்கள் வருகின்றன. இங்கிருந்து மலை தெரிகிறது என்றால் மியேமாஸ். பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கிறது என்றால் கிகோயெமாஸ். முயற்சி எடுத்துப் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் வேறே வடிவம்: மிராரெமாஸ், கிகெமாஸ். ஆங்கிலம் வழியாகப் போகிறவருக்கு இரண்டுமே 'ஐ கேன் ஸீ', 'ஐ கேன் ஹியர்'. எது எங்கே என்று மண்டை காயும். நமக்கு? "மலை தெரியுது" என்பதற்கும் "பரணில் ஏறினால் மலையைப் பார்க்க முடியும்" என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன? கோயில் மணி கேட்கிறது, பாட்டைக் கேட்க முடியும். தீர்ந்தது பாடம்.

'வகாரிமாஸ்' என்பதும் இப்படித்தான். 'புரிகிறது, தெரிகிறது' என்று பொருள். பிரித்தல் என்ற சொல்லோடு பிறந்தது அது. ஒன்று இன்னொன்றிலிருந்து பிரிந்து தனியாகத் தெரிவதுதான் புரிவது. நம் 'தெரி'யும் கண்ணுக்குப் புலப்படுவதையும் குறிக்கும், பொறுக்கி எடுப்பதையும் குறிக்கும் ('தெரிந்தெடு' என்கிறோமே). கணக்குத் தெரியும் என்கிறபோது கண்ணில் படுகிற மலைக்கும் கணக்குக்கும் ஒரே சொல்லைத்தான் போடுகிறோம். இத்தனை வருஷம் பேசியும் இதைக் கவனித்ததில்லை, ஜப்பானிய மொழி வகுப்பில்தான் கவனித்தேன்.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் போட்ட கோட்டிலேயே ஜப்பானிய மொழி போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஓர் இடத்தில் தமிழ் நுணுக்கமாகப் பிரிக்கிறது, அவர்கள் பிரிப்பதில்லை. "எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் காய்ச்சல், இன்றைக்கு என்னால் நீந்த முடியாது." தெரிவதற்கு 'எனக்கு', முடிவதற்கு 'என்னால்'. வேற்றுமை உருபே மாறிவிடுகிறது. கற்றுக்கொண்ட வித்தை வேறு, இந்த நேரத்துத் தெம்பும் வசதியும் வேறு. "இங்கே படம் எடுக்கலாம்" என்றால் அது மூன்றாவது வகை, யாரோ அனுமதித்திருக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே தெகிமாஸ் போதும். 18ஆம் பாடத்தில் வருகிற 'கொதோ கா தெகிமாஸ்' என்ற நீட்டலும் அப்படித்தான்: பியானோ வாசிக்க வரும் என்பதற்கும் அதுவே, இங்கே கார்டு கொடுத்துப் பணம் கட்டலாம் என்பதற்கும் அதுவே. எது என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

36ஆம் பாடத்தில் 'யோ நி நரிமாஷ்தா' என்று ஒன்று இருக்கிறது. முன்பு வராதது இப்போது வர ஆரம்பித்துவிட்டது என்பதற்கு. "குழந்தைக்குப் பேச்சு வந்துடுச்சு" என்கிறோமே, அந்த 'வந்துடுச்சு'. இதற்கு மேல் விளக்கம் எழுதினால் நேரம்தான் வீண்.

அனிமே பார்க்கிற நண்பர்களுக்காக ஒரு துணுக்கு. 'மிராரெரு' (பார்க்க முடியும்) என்று புத்தகம் சொல்லும், படத்தில் எல்லாரும் 'மிரெரு' என்பார்கள். நடுவில் ஒரு 'ரா' காணாமல் போகும். புத்தகம் இதைத் தப்பு என்கிறது. ஆனால் ஜப்பானின் கலாச்சார முகமை 2016இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 'பார்க்க முடிந்தது' என்பதை 'மிரெதா' என்று சுருக்கிச் சொல்கிறவர்கள் முழுசாகச் சொல்கிறவர்களை முதல்முறையாக முந்திவிட்டார்கள். தேர்வில் மட்டும் 'ரா'வைப் போட்டுவிடுங்கள்.

சரி, இலக்கணம் போதும். உண்மையில் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது 9ஆம் பாடம்தான். 'ஜோஸு' என்றால் திறமை, 'ஹெதா' என்றால் திறமையின்மை. எழுத்துகளைப் பார்த்தால் ஜோஸு 'மேல் கை', ஹெதா 'கீழ்க் கை'. 'நிகதே' என்று இன்னொன்று, நமக்குப் பிடிபடாத விஷயத்துக்கு. எழுத்துப்படி அது 'கசந்த கை'. நமக்கும் எல்லாம் கையில்தானே இருக்கிறது. கைதேர்ந்தவர், கைப்பக்குவம், கைராசி. தறியில் புதுசாக உட்கார்ந்த பையனைப் பற்றிக் கேட்டால் "இன்னும் கை வரல" என்பார்கள். 'கைவந்த கலை' என்ற தொடரில் பாருங்கள், ஜோஸுவில் இருக்கிற கையும் தெகிருவில் இருக்கிற வருகையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் ஜோஸுவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. அதை நம்மைப் பற்றி நாமே சொல்லக்கூடாது. எங்கள் வகுப்பில் ஒருவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது சமையலில் தான் ஜோஸு என்றார். ஆசிரியை சிரிக்கவில்லை. அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது, சாப்பிட்டவர் வாயிலிருந்து வர வேண்டும் என்றார். உங்களைப் பற்றிச் சொல்ல 'தொகுயி' என்று வேறு சொல் இருக்கிறது, இது எனக்கு நன்றாகப் பிடிபட்டது, விரும்பிச் செய்வேன் என்கிற மாதிரி. அல்லது வெறுமனே தெகிமாஸ் என்று சொல்லிவிட்டுப் போங்கள், அதில் தற்பெருமை இல்லை, அது ஒரு தகவல். ஜப்பானில் மாணவர்கள் வேலைக்கு எழுதுகிற சுயவிவரப் படிவங்கள் பலவற்றில் 'தொகுயி' பாடம் எது என்று ஒரு கட்டமே இருக்கும். ஜோஸு எது என்று கட்டம் இருக்காது.

யாராவது நம்மைப் பார்த்து ஜோஸு என்றால் "இல்லை, மதா மதா தெஸ்" என்று சொல்ல வேண்டும். இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தப் பாராட்டை ரொம்ப நம்ப வேண்டாம். வெளிநாட்டுக்காரர் 'கொன்னிசிவா' என்று வாய் திறந்தாலே ஜப்பானியர்கள் ஜோஸு என்று சொல்லிவிடுவார்களாம். நாம் மட்டும் என்ன? வெள்ளைக்காரர் 'வனக்கம்' என்றதும் "தமிழ் சூப்பரா பேசுறீங்களே" என்று உருகிவிடுவோம்.

கேட்பதிலும் மரியாதை இருக்கிறது. பெரியவர்களிடம் 'உங்களுக்கு இது தெகிமாஸ்-ஆ' என்று கேட்பது அழகல்ல. அவர்கள் திறமையை நாம் சோதிப்பது போல ஆகிவிடும். பேசுவீர்களா, ஓட்டுவீர்களா என்று சாதாரண வினையில் கேட்க வேண்டும். இதுவும் நமக்குத் தெரிந்ததுதான். மேனேஜரிடம் போய் "சார், உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்க மாட்டோம். "சார் கார் ஓட்டுவீங்களா?" என்போம்.

இவ்வளவு நுணுக்கமாகத் திறமையைப் பேசுகிற மொழியில் திறமையை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரு வேடிக்கை. நாங்கள் எல்லாரும் எழுதுகிற ஜே.எல்.பி.டி. தேர்வின் ஜப்பானியப் பெயர் 'நிஹொங்கோ நோர்யொகு ஷிகென்'. நோர்யொகு என்றால் திறன். 1984இல் தொடங்கியது, 2010 முதல் என்5இலிருந்து என்1 வரை ஐந்து படிகள். சென்னையிலும் மையம் உண்டு. இந்தத் திறன் தேர்வில் பேசச் சொல்லவே மாட்டார்கள்! எழுதவும் வேண்டாம். வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். சொல், இலக்கணம், படித்தல், கேட்டல், அவ்வளவே. என்5இல் 180க்கு 80 எடுத்தால் (ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் உண்டு) சான்றிதழ் கைக்கு வந்துவிடும். நிஹொங்கோ கைக்கு வந்ததா என்பது வேறு விஷயம். 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய 'தொகுதெய் கினோ' விசாவுக்கும் (பெயரின் பொருளே 'குறிப்பிட்ட திறன்') மொழித் தகுதி என்று என்4 சான்றிதழை ஏற்றுக்கொள்கிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த அளவுகோல் ஒரகடத்தில் இருக்கிறது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அங்கே ஓர் ஆலையில் லைனில் வேலை பார்க்கிறான். அவன் பிரிவுச் சுவரில் ஒரு பெரிய பலகை. இடது ஓரத்தில் ஆட்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் நாலு கால். வேலையைக் கற்றுக்கொண்டிருந்தால் ஒரு கால் கறுப்பு. பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார் என்றால் இரண்டு. தனியாகச் செய்வார் என்றால் மூன்று. அடுத்தவருக்குச் சொல்லித்தரும் அளவுக்கு வந்துவிட்டால் முழு வட்டம். கம்பெனிக்குக் கம்பெனி விளக்கம் கொஞ்சம் மாறும். ஜப்பானில் இதற்கு 'ஹொஷிதோரி ஹ்யோ' என்று பெயர். சுமோ மல்யுத்தத்தில் வெற்றி தோல்வியை வட்டம் போட்டுக் குறிக்கிற அட்டவணையின் பெயர் அது, ஆலைக்கு வந்துவிட்டது. இதில் நான் கவனித்தது, வட்டத்தைத் தொழிலாளி தானே நிரப்புவதில்லை. மேற்பார்வையாளர் பார்த்து நிரப்புகிறார். ஜோஸு மாதிரிதான், அடுத்தவர் சொல்ல வேண்டும்.

இந்தப் பலகை பெரியப்பாவுக்கு உதவும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

பெரியப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நெசவு. நாற்பது வருஷத்துக்கு மேல் தறியில் இருக்கிறார். பார்வேட்டைக்கு அவர் குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு பாலாற்றைத் தாண்டி எங்கள் ஊருக்கு வருவார். மூன்று ஆறு கூடுகிற ஊர், அன்றைக்குக் கூட்டத்தைக் கேட்க வேண்டாம். இந்த வருஷம் வந்தபோது பெரியப்பா பையில் ஒரு விண்ணப்பம் இருந்தது. ஒரு பயிற்சி மையத்தில் இளைஞர்களுக்குப் பட்டு நெசவு சொல்லித்தர அனுபவசாலிகள் வேண்டுமாம். மாதச் சம்பளம். தறிக் கூலி இருக்கிற நிலையில் அது பெரிய விஷயம். கண்ணும் முன்போல இல்லை அவருக்கு. நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

பெயர், வயது எல்லாம் ஆயிற்று. 'தங்களுக்குத் தெரிந்த தொழில்நுட்பங்கள், திறன் அளவு' என்ற இடத்துக்கு வந்தோம்.

"நெசவுன்னு போடு."

"வெறும் நெசவுன்னா போதுமா பெரியப்பா? எல்லாருமே அதைத்தான் போடுவாங்க."

"வேற என்னத்தப் போடறது? ஏதோ கை பழகியிருக்கு."

கால் மணி நேரம் கெஞ்சினேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அந்த 'ஏதோ' இருக்கிறதே, அது நம்ம ஊர் மதா மதா தெஸ். நேரில் கேட்க அழகாக இருக்கும். ஆனால் விண்ணப்பத்தைப் படிக்கிற அதிகாரிக்கு அந்த அழகு தெரியாது. அவருக்குத் தெரிவது ஒரு காலிக் கட்டம்தான்.

ஜோஸு ஞாபகம் வந்தது. பெரியம்மா பக்கம் திரும்பி, "பெரியப்பாவுக்கு என்னென்ன வரும் பெரியம்மா?" என்று கேட்டேன்.

அவ்வளவுதான். மடை திறந்தது. "கோர்வை போட்டா கரையும் உடலும் சேர்ற இடத்துல பிசிறு பார்க்க முடியாது. முந்திக்கு பேட்னி போட அக்கம்பக்கத் தறியிலருந்தெல்லாம் இவரத்தான் கூப்பிடுவாங்க. பாவு அறுந்து கெடந்தா ராத்திரியோட ராத்திரியா பிணைச்சிடுவாரு. ஆனா இந்த ஜக்கார்டு அட்டை சமாச்சாரம் இவருக்கு ஆகாது." பெரியப்பா ஆமாம் என்று தலையாட்டினார். (நிகதே!)

காஞ்சிபுரம் பட்டு தெரியாத நண்பர்களுக்கு: உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கும் சேலையில் இரண்டையும் தறியிலேயே ஊடை நூலால் கோத்துக்கொண்டே போவதுதான் கோர்வை. இதற்கு மூன்று நாடா ஓட வேண்டும். ஓர் ஆளால் ஆகாது. நெசவாளி பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரைப் பக்கத்து நாடாவைப் போட்டு வாங்க வேண்டும். முந்திக்கு நிறம் மாறுகிற இடத்தில் பழைய பாவோடு புதுப் பாவை இழை இழையாகச் சேர்ப்பது பேட்னி.

நான் அண்ணனின் பலகையைக் காகிதத்தில் வரைந்தேன். கோர்வை முழு வட்டம், பேட்னி முழு வட்டம், பாவு பிணைப்பது முழு வட்டம், ஜக்கார்டு ஒரு கால். அதைப் பார்த்துத் தமிழில் எழுதினேன்: கோர்வை, தனியாகச் செய்வார், பிறருக்குச் சொல்லித்தருவார். இப்படியே ஒவ்வொன்றும். 'மிகச் சிறந்த', 'கைதேர்ந்த' என்று ஒரு அடைமொழி போடவில்லை.

எங்கள் ஊர் வேங்கடேசப் பெருமாள் கோயில் கல்வெட்டும் இந்த மாதிரிதான் இருக்கும். வீரராசேந்திர சோழன் காலத்தது, 11ஆம் நூற்றாண்டு. இங்கே ஒரு வேதபாடசாலையும் மாணவர் விடுதியும் 15 கட்டில் கொண்ட 'வீரசோழன்' என்ற மருத்துவமனையும் இருந்ததை அது பதிவு செய்திருக்கிறது. மருத்துவர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் பெயர் இருக்கிறது. மற்றவர்களை அவர்கள் செய்கிற வேலையை வைத்தே குறிக்கிறார்கள்: அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருபவர் இருவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள் இருவர். அவரவருக்கு என்ன ஊதியம் என்பதும் கூடவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டியபோது 15 கட்டில்தான் மனதில் நின்றது. இப்போது அந்த இருவர்தான் நிற்கிறார்கள். பெயர் இல்லை. ஆனால் வேலையும் ஊதியமும் கல்லில் ஏறியிருக்கின்றன.

ஏனென்றால் பெரியப்பாவின் விண்ணப்பத்தை மடித்து வைத்த பிறகுதான் அவர் சொன்னார். "கோர்வைக்குப் பக்கத்துல உக்காந்தவ இவதான். இருபத்தஞ்சு வருஷம் எனக்கு நாடா போட்டிருக்கா. நான் சோர்ந்து ஒரு தட்டு தப்பா விட்டாலும் இவ கை சரியா நிக்கும். பிசிறு இல்லன்னு சொன்னாளே, அதுல பாதி இவ கை."

பெரியம்மா உடனே, "எனக்கு என்ன தெரியும்? சும்மா கூட உக்காந்திருப்பேன்" என்றார்.

சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அது பெரியப்பா பெயரில்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தனிச் சீட்டு கிடையாது. இருபத்தைந்து வருஷத்தில் அவர் வேலையை எந்தத் தாளும் கேட்டதில்லை. அவர் வாயால் சொல்லவும் மாட்டார். பெரியப்பா மட்டும்தான் சொல்ல முடியும், அன்றைக்குச் சொன்னார்.

பார்வேட்டை முடிந்த மறுநாள் வாலாஜாபாத்தில் அந்த விண்ணப்பத்தின் காலிப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தேன். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கோர்வை நாடா போடுதல், கரை நூல் சுற்றுதல், அறுந்த இழை சேர்த்தல். பெரியம்மா கையெழுத்துப் போடும்போது, "இதெல்லாம் எதுக்குடா, நீ உன் ஜப்பான் பரீட்சைக்குப் படி" என்றார். இரண்டு விண்ணப்பமும் ஒரே கவரில் போயிருக்கின்றன. இன்னும் பதில் வரவில்லை.

அடுத்த வாரம் வகுப்பில் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெரியம்மா கோர்வையில் ஜோஸு என்று சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஜப்பானிய வழக்கப்படி நம் வீட்டு ஆளை வெளியாரிடம் அப்படிப் புகழக்கூடாது, சொந்தப் பெருமை பேசுவது போல ஆகிவிடும். அதனால் தகவலாகச் சொன்னேன். "ஒபா வா கோர்வை கா தெகிமாஸ்."

கோர்வை என்றால் என்ன என்று ஆசிரியை கேட்டார். மீதி வகுப்பு முழுக்க அதை ஜப்பானிய மொழியில் சொல்லி விளங்கவைக்கப் பார்த்தேன், நாடாவுக்கு என்ன சொல் என்று அகராதியைப் புரட்டிக்கொண்டே.